எங்கள் ஊரில் 'பிக்' என்றால்

என் மாமியாரை நான் முதன்முதலில் பார்த்தபோது வேறொரு பெண்ணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்.

1951, மார்ச் மாதம். கல்யாணமான கையோடு கணவன் கத்பர்ட்டுடன் அவன் ஊருக்கு வந்து இறங்கினேன். நார்தம்பர்லாந்துக் கடற்கரையில் சாண்ட்பிக்கின் என்றால் இருபது முப்பது கல்வீடு, ஒரு பிரார்த்தனைக் கூடம், மணலில் ஏற்றி வைத்த மீன்பிடிப் படகுகள், ஓயாத காற்று. நான் தெற்கே கென்ட் பக்கத்துக்காரி. சாட்டம் துறைமுகத்தில் கடற்படைக்காரர்களின் உடுப்பு வெளுக்கும் சலவைக் கூடத்தில் வேலை பார்த்தேன். அங்கேதான் கத்பர்ட் அறிமுகம். கடற்படையை விட்டுவிட்டு அப்பாவின் படகுக்கே திரும்புகிறேன், நீயும் வருகிறாயா என்று கேட்டான். வந்துவிட்டேன்.

அம்மாவைப் பற்றி அவன் சொல்லியிருந்தது கொஞ்சம்தான். "பேரு ஹெஸ்டர். ஊர்ல ரெண்டு ஹெஸ்டர் இருக்காங்க. நீ பிக் ஹெஸ்டர்னு கேட்டா போதும், எந்தக் குழந்தையும் வீட்டைக் காட்டிடும்."

'பிக்' என்றால் பெரிய. எனக்குத் தெரிந்து அந்த வார்த்தைக்கு அதற்கு மேல் அர்த்தம் இல்லை. ரயிலில் வரும்போதே மனதுக்குள் ஒரு மாமியாரை வளர்த்துக்கொண்டே வந்தேன். வாசலை அடைத்துக்கொண்டு நிற்பார், கை ஒவ்வொன்றும் உலக்கை மாதிரி இருக்கும் என்று.

பேருந்து நின்ற இடத்தில் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். நடுவில் ஒருத்தி, நான் நினைத்து வைத்திருந்த அதே ஆகிருதி. கத்பர்ட் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தான். நல்ல மருமகள் என்று பெயர் எடுக்க வேண்டுமே என்ற அவசரத்தில் நான் ஓடிப்போய் "அத்தை!" என்று அவளைக் கட்டிக்கொண்டேன்.

அவள் என் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். "ரொம்ப சந்தோஷம் கண்ணு. ஆனா நான் உன் அத்தை இல்ல. நான் நெட்டை ஹெஸ்டர். உன் மாமியார் என் கக்கத்துக்குக் கீழ நின்னுக்கிட்டு, நீ எப்ப விடுவேன்னு பாத்துட்டு இருக்கா."

குனிந்து பார்த்தேன். என் தோளுக்குக்கூட எட்டாத ஒரு பெண்மணி. ஒட்டிய கன்னம், ஒல்லியான மணிக்கட்டு, கூர்மையான கண்.

"கட்டிப்பிடிச்சு முடிச்சாச்சுன்னா, மிச்சம் மீதி ஏதாவது இருந்தா இந்தப் பக்கமும் குடு பொண்ணே" என்றார்.

பேருந்துக்குள் இருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

கேலிப் பெயர் என்றுதான் முதலில் நினைத்தேன். மொட்டைத் தலையனைச் சுருட்டை என்று கூப்பிடுவதில்லையா, அந்த மாதிரி. அன்று மாலை தேநீர் குடிக்கும்போது கத்பர்ட்டிடம் கேட்டேன்.

"உங்க ஊர்ல குள்ளமா இருக்கறவங்களை பிக்குன்னு கிண்டல் பண்றது வழக்கமா?"

அவன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டான். "எங்க அம்மாவையா? யாரு கிண்டல் பண்ணது?"

"கோவிச்சுக்காதீங்க. அந்த நெட்டை ஹெஸ்டர் எவ்வளவு பெருசா இருக்காங்க! அவங்கதானே பிக்?"

"அவங்க மக்கிள்."

"மக்கிள்னா?"

"பெருசுன்னு அர்த்தம்."

"அப்ப பிக்னா?"

"பிக்னா... பிக்தான்" என்று சொல்லிவிட்டு ரொட்டியை எடுத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க ஆரம்பித்தேன். பிரார்த்தனைக் கூடத்து போதகர் நல்ல பருமன். அவரை மக்கிள் என்றார்களே தவிர, யாரும் பிக் என்று சொல்லவில்லை. சுண்டுவிரல் கனம்கூட இல்லாத ஒரு கயிற்றை என் மாமனார் வில்ஃப்ரெட் இழுத்துப் பார்த்துவிட்டு, "நல்ல பிக்கான கயிறு" என்றார். பக்கத்து வீட்டு ஒற்றைக்கண் பூனை, தன்னைவிட நான்கு மடங்கு இருந்த நாயைத் துரத்திவிட்டு வந்தபோது, அதுவும் பிக். ஒரு நாள் மாமனார் "தேத்தண்ணி பிக்கா இருக்கட்டும்மா" என்று கேட்டார். வீட்டிலேயே பெரிய கோப்பையாகத் தேடி எடுத்து ஊற்றிக் கொடுத்தேன். அவர் அந்த வெளிறிய தண்ணீரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அப்படியே குடித்துவிட்டார், பாவம்.

பெயருக்குப் பின்னால் இருந்த கதையைச் சொன்னவள் நெட்டை ஹெஸ்டர்தான்.

எங்கள் ஊர்ப் பெண்கள் காலையில் கொட்டகையில் உட்கார்ந்து மட்டிச் சிப்பியைத் திறந்து சதையை எடுத்து, நீளத் தூண்டில் கயிற்றின் ஒவ்வொரு முள்ளிலும் கோக்க வேண்டும். எனக்கு விரலெல்லாம் வெட்டு. நெட்டை ஹெஸ்டர் என் பக்கத்தில் உட்கார்ந்து கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுத்தாள். மாமியார் மீன் விற்கப் போயிருந்த ஒரு காலையில் அவளிடம் கேட்டேன்.

"உனக்குத் தெரியாதா? உன் புருஷன் சொல்லலையா?" என்றாள். "அவன் எப்படிச் சொல்லுவான், அவன் அப்ப வயித்துக்குள்ள இல்ல இருந்தான்!"

அவள் சொன்னது இது.

1927 பிப்ரவரி. விடியும்போது கடல் பால் மாதிரி கிடந்தது. ஊர்ப் படகுகள் நாலும் போய்விட்டன. பொழுது ஏறியதும் வடகிழக்கிலிருந்து காற்று விழுந்தது. கரையில் மிச்சம் இருந்த ஆம்பிளைகள், மீட்புப் படகை ஓட்டத் தெரிந்த கிழவர்கள் மட்டும். அவர்களுக்குத் தலைவர் ஜாப் கிழவர். வழக்கமாகப் படகை இறக்கும் இடத்தில் அலை வீட்டு உயரத்துக்கு எழும்பிக்கொண்டிருந்தது. சக்கர வண்டியில் ஏற்றிய படகை மணல் வழியே, அலையைத் தடுக்கும் பாறைக்குத் தெற்கே இழுத்துப் போய் அங்கே இறக்க வேண்டும். இழுக்கப் பெண்களைத் தவிர யாரும் இல்லை.

என் மாமியாருக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஊர் அவரைக் குருவி ஹெஸ்டர் என்றுதான் கூப்பிட்டது. ஆறு மாதக் கர்ப்பம். அவருடைய மாமியார், "வயித்துப் பிள்ளையோட கயித்துல கை வச்சே, பாத்துக்க" என்று சொல்லி, இழுக்கப் போன பெண்களின் கைக்குழந்தைகளை அவர் மடியில் போட்டுவிட்டுப் போனாராம்.

"பாதி தூரம் போனோம். வண்டி மணல்ல இறங்கிடுச்சு" என்றாள் நெட்டை ஹெஸ்டர். "ஆளாளுக்கு ஒரு பக்கம் இழுக்கறோம். ஒருத்தி இழுக்கும்போது இன்னொருத்தி மூச்சு வாங்குறா. நான்தான் முன்னாடி. எனக்குக் கடல் நல்லாத் தெரியுது. பாத்துக்கிட்டே இருக்கேன், என் புருஷன் எட்மண்ட் படகு புரண்டுச்சு."

நான் கத்தியை நிறுத்திவிட்டேன்.

"நிறுத்தாதே, இரை காஞ்சிடும்" என்றாள். அவள் கை நிற்கவில்லை. "புரண்ட படகு மறுபடி நிமிரல. நான் கயித்தைப் பிடிச்சபடியே கத்தி அழுதேன். அப்ப பின்னாலேருந்து ஒரு சத்தம். உன் மாமியாருக்கு உடம்புதான் சின்னது, தொண்டை கோயில் மணி. குழந்தைங்களைக் கிழவி ஒருத்திகிட்டக் குடுத்துட்டு, கருவாடு காயப்போடுற பலகையை இழுத்துக்கிட்டு வரா. சக்கரத்துக்கு முன்னாடி போடச் சொன்னா. என் பக்கத்துல வந்து கயித்தைப் பிடிச்சா. 'அழறதை அப்புறம் வச்சுக்கலாம்டி, நானும் கூட அழறேன். இப்ப நான் சொல்றப்ப இழு'ன்னா. அவ குரல் குடுக்கக் குடுக்க நாங்க இழுத்தோம். அத்தனை பேரும் ஒரே மூச்சா. வண்டி நகந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் தண்ணிக்குள்ள போகணுமே. படகோட மூக்கு அலையைப் பாத்துத் திரும்பற வரைக்கும் முன்கயித்தை ரெண்டு பேரு பிடிச்சு நிக்கணும். நானும் அவளும் நின்னோம். எனக்கு இடுப்பு வரைக்கும் தண்ணி. அவளுக்குக் கழுத்து வரைக்கும். அலை வர்றப்பல்லாம் அவ காணாமப் போயிடுவா. கை மட்டும் மேல தெரியும், கயித்தோட. ஜாப் கிழவர் படகு மேலேருந்து கத்தறாரு, 'யாரது முன்னாடி? தலையைக் காணோம், கைதான் தெரியுது!' கரையில யாரோ 'நம்ம குருவி!'ன்னாங்க. அதுக்கு அவரு, 'குருவியா? அவ பிக்குடி, பிக்!'ன்னாரு. அதோட போச்சு. அப்புறம் யாரும் அவளைக் குருவின்னு கூப்பிட்டதில்ல."

மற்ற மூன்று படகுக்காரர்களையும் ஜாப் கிழவர் உயிரோடு கொண்டுவந்தார். என் மாமனாரும் அதில் ஒருவர். எட்மண்ட் வரவில்லை.

"அன்னைக்கு அவ புருஷன் வீட்ல அடுப்பு பக்கத்துல உயிரோட உக்காந்திருந்தான்" என்றாள் நெட்டை ஹெஸ்டர். "அவ அங்க போகல. ஈரத்துணியோட நேரா என் வீட்டுக்கு வந்தா. சொன்ன மாதிரியே என்கூட உக்காந்து அழுதா."

இதற்குப் பிறகு நடந்ததை ஊரே ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லும். அந்த வருடம் மே மாதம் கத்பர்ட் பிறந்தான். ஜூனில், நகரத்துக் கப்பல் முதலாளிகள் சங்கம் ஒன்று பெண்களைப் பாராட்டிக் கூட்டம் போட்டது. ஒரு வெள்ளிப் பதக்கம், 'பிக் ஹெஸ்டர்' என்ற பெண்மணிக்கு. பதக்கத்தோடு வந்த கனவான் ஊருக்குப் புதிது. பிரார்த்தனைக் கூடத்தில் பெயரை வாசித்தார், கண்ணை ஓட்டினார், முதல் வரிசையில் துக்கக் கறுப்பு உடுத்தி உட்கார்ந்திருந்த நெட்டை ஹெஸ்டரைப் பார்த்தார். அவருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. நேராகப் போய் எழுந்து நிற்கச் சொல்லி மார்பில் குத்திவிட்டார். பத்திரிகைக்காரன் படமும் எடுத்துவிட்டான்.

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் இரண்டாவது வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஐயா, நான் இல்லைங்க..." என்று நெட்டை ஹெஸ்டர் தொடங்கினாள்.

இரண்டாவது வரிசையிலிருந்து கைக்குழந்தையோடு என் மாமியார் எழுந்தார். எழுந்தும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பார்கள். "சரியான ஆளுக்குத்தான் குத்தியிருக்கீங்க ஐயா" என்றார். "அவ்வளவு கனத்தை என்மேல குத்தினீங்கன்னா நான் முன்பக்கமா கவுந்துடுவேன்."

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. கனவானுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் மரியாதைக்கு அவரும் சிரித்தார்.

கூட்டம் கலைந்ததும் தெருவில் நெட்டை ஹெஸ்டர் பதக்கத்தைக் கழற்றி இவர் கையில் திணித்தாளாம். "ஊர் சிரிக்கணும்னு பாக்கறியா? இது உன்னோடது."

"உன்னோடதுடி."

"பிக் ஹெஸ்டர்னுதானே சொன்னாங்க? அது யாரு, நானா?"

அப்போது என் மாமியார் சொன்னதை ஊரில் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். அதில் மட்டும் யாரும் ஒரு சொல்லைக்கூட மாற்றியதில்லை.

"நான் என் புருஷனுக்காகக் கயித்தை இழுத்தேன். உன் புருஷன் போயிட்டான்னு தெரிஞ்ச பிறகும் நீ கயித்தை விடல. நீயும் என் புருஷனுக்காகத்தான் இழுத்தே. இப்ப சொல்லு, யாருடி பிக்?"

பதக்கம் நெட்டை ஹெஸ்டரிடமே இருந்தது. நகரத்துப் பத்திரிகையில் 'பிக் ஹெஸ்டர்' என்று அவள் படம்தான் வந்தது. ஊரில் பெயர் இவருக்கே இருந்தது. இருவருக்கும் அதில் ஒரு குறையும் இல்லை.

கதையைக் கேட்ட அன்று வீட்டுக்குப் போனதும் மாமியாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன பொண்ணே, முகத்துல செதில் ஒட்டியிருக்கா?"

"நெட்டை அத்தை எல்லாத்தையும் சொன்னாங்க. கழுத்து வரைக்கும் தண்ணியில நின்னீங்களாமே."

"அவ சொன்னா நம்பிடறதா? கழுத்து எங்க? மோவாய் வரைக்கும்" என்றார். உருளைக்கிழங்கை உரிக்கத் திரும்பிக்கொண்டார்.

எனக்கு அன்றிலிருந்து ஒரு கர்வம் வந்துவிட்டது. கடையில் நின்றால், "நான் பிக் ஹெஸ்டரோட மருமக" என்று வேண்டுமென்றே சொல்வேன்.

மூன்று வருடம் கழித்து ஒரு கோடையில் மிஸ் ஃபென்விக் என்ற இளம்பெண் காரில் வந்தாள். பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறாளாம், ஊர் ஊராகப் போய் ஜனங்கள் பேசும் வார்த்தைகளைச் சேகரிக்கிறாளாம். பெட்டி மாதிரி ஒரு ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் கொட்டகையில் இறக்கினாள். இரண்டு ஹெஸ்டரும் நானும் இரை கோத்துக்கொண்டிருந்தோம். பேச்சுவாக்கில் என் மாமியார் ஒரு தூண்டில் கயிற்றைச் சுண்டிப் பார்த்து, "மெல்லிசுதான், ஆனா பிக்" என்றார்.

மிஸ் ஃபென்விக் துள்ளிவிட்டாள். "இன்னொரு தடவை சொல்லுங்க! மெல்லிசா இருக்கிறதை பிக்குன்னு சொல்வீங்களா?"

"வேற எப்படிச் சொல்றது? அறாதே இது."

"இந்தப் பழைய அர்த்தம் இன்னும் உயிரோட இருக்கும்னு நெனைக்கவே இல்லீங்க!" என்றாள். காலடியில் கிடந்த சிப்பி ஓட்டைக்கூடப் பார்க்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய சந்தோஷம் எங்களுக்கும் தொற்றிக்கொண்டது. அவள் சொன்னதில் எனக்கு நினைவிருப்பதைச் சொல்கிறேன். பிக் என்ற வார்த்தை எழுத்தில் முதலில் தலைகாட்டுவது அறுநூறு அறுநூற்றைம்பது வருடத்துக்கு முன்னால், அதுவும் வடக்கத்தி எழுத்துகளில். அப்போது அதற்கு அளவு என்ற பொருள் இல்லை. வலு, உரம் என்றுதான் பொருள். வலுவானவன் பெரும்பாலும் பெரிய உடம்புக்காரனாகவும் இருப்பான் அல்லவா, அப்படியே கொஞ்சம் கொஞ்சமாகப் பொருள் உடம்பின் பக்கம் சாய்ந்து, கடைசியில் பருமன் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

"அதுக்கு முன்னாடி எங்கேருந்து வந்துச்சு?" என்று நான் கேட்டேன்.

"யாருக்கும் நிச்சயமாத் தெரியாது. கடல் தாண்டி வந்த நார்வேக்காரங்க கொண்டு வந்ததா இருக்கலாம். அங்க சில பக்கம் செல்வாக்கான ஆளை 'புக்கெ'ன்னு சொல்றாங்க. ஆனா அடிச்சுச் சொல்ல முடியாது."

"எங்க ஊர்ப் பேர்லயே பிக் இருக்கே, சாண்ட்பிக்கின்னு?" என்றாள் நெட்டை ஹெஸ்டர்.

"அது வேற வார்த்தைங்க. பிக்கின்னா கட்டினது, கட்டடம். அதுவும் கடல் தாண்டி வந்ததுதான். சத்தம் ஒண்ணு, வேர் வேற."

"வயித்துல பிள்ளை இருந்தாலும் பிக்குன்னு சொல்றோமே?"

"அதுவும் பழைய வழக்குதான். ஆனா பின்னால வந்தது."

நெட்டை ஹெஸ்டர் தொடையில் தட்டிச் சிரித்தாள். "அப்ப அன்னைக்கு இவ ரெண்டு விதத்துலயும் பிக்!"

என் மாமியார் அதைக் கண்டுகொள்ளவில்லை. அவர் முகத்தில் வேறொரு மலர்ச்சி. என்னைப் பார்த்து, "கேட்டியா ஆட்ரி? நல்லா வலுவா இருந்த வார்த்தை. உங்க தெற்கத்திக்காரங்க எடுத்துட்டுப் போய் கொழுக்க வச்சுட்டாங்க" என்றார்.

"நாங்க என்ன அத்தை பண்ணோம்?" என்றேன். மூன்று பேரும் சிரித்தார்கள்.

மிஸ் ஃபென்விக் கருவியை ஓடவிட்டு, "உங்களை ஏன் பிக் ஹெஸ்டர்னு கூப்பிடறாங்க, உங்க வாயாலேயே சொல்லுங்க" என்று கேட்டாள்.

"மாட்டேன். தன்னைப் பத்தித் தானே சொல்லிக்கிட்டா, அவளுக்குப் பேச்சு மட்டும்தான் பிக்குன்னு அர்த்தம்."

"அப்ப நான் சொல்றேன்" என்று நெட்டை ஹெஸ்டர் கருவியின் பக்கம் குனிந்தாள். உடனே என் மாமியார், "முதல்ல இவளைப் பத்தி நான் சொல்லணும்" என்றார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஒருத்தியைப் பற்றி இன்னொருத்தி, குரலை உயர்த்திச் சொல்லிக்கொண்டே போனார்கள். அந்த ஒலிநாடாவில் யார் சொன்னதும் யாருக்கும் விளங்கியிருக்காது. மிஸ் ஃபென்விக் நிறுத்தச் சொல்லவில்லை.

அத்தை அதன் பிறகு பத்தொன்பது வருடம் இருந்தார். மாமனார் போன பிறகும் மீன் கூடையைச் சுமந்து நகரத்துக்குப் போய்வந்தார். மீட்புப் படகின் நிர்வாகக் குழுவில் ஒரு பெண்ணுக்கும் இடம் வேண்டும் என்று கேட்டு வாங்கி, அதில் உட்கார்ந்தார். நாற்காலியில் அவர் கால் தரையைத் தொடாது. அவர் பேசினால் யாரும் குறுக்கே பேசவும் மாட்டார்கள். 1973 இலையுதிர் காலத்தில், இரண்டு நாள் காய்ச்சலில் போய்விட்டார்.

அடக்கத்துக்கு என் தங்கை கென்டிலிருந்து வந்திருந்தாள். அத்தையை அவள் பார்த்ததே இல்லை; என் வாயால் கேட்டதுதான். இரண்டே பேர் தூக்கக்கூடிய பெட்டி. ஆனால் மீட்புப் படகின் ஆட்கள் அத்தனை பேரும் தோள் கொடுப்போம் என்று நின்றார்கள். ஒருவரும் விட்டுக்கொடுக்காததால் நாலு வீட்டுக்கு ஒரு தடவை ஆள் மாறித் தூக்கினார்கள். தெரு நெடுகிலும் வாசலுக்கு வாசல் ஜனங்கள் தொப்பியைக் கழற்றி நின்றார்கள்.

தங்கை என் காதருகே வந்து, "என்னக்கா, பெட்டி இவ்வளவு சின்னதா இருக்கு? பிக் ஹெஸ்டர்னு சொன்னியே?" என்றாள்.

"ஆமா" என்றேன். "எங்க ஊர்ல அதுக்கு அளவு கிடையாது."